சர்க்கரை போடாத மொசம்பி (சாத்துக்குடி) ஜூஸும் சர்க்கரைதான்

மும்பையில் தாராவி, சயான் பக்கமிருந்து உணவு ஆலோசனைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "ஸ்வீட்டெல்லாம் நிறுத்தியாச்சு மேடம். மொசம்பி ஜூஸ் மட்டும்தான், அதுவும் சர்க்கரை போடாம." நல்லது செய்வதாக நம்பித்தான் குடிக்கிறார்கள். அதனால்தான் எனக்குக் கவலை.

ஜூஸ் கடையில் நின்று பாருங்கள். நாலு மொசம்பியை உரித்து மெஷினில் போட்டதும் ஒரு பக்கம் டம்ளர் நிறைகிறது, மறுபக்கம் சக்கை வாளியில் விழுகிறது. பழத்தின் நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்த வாளிக்குப் போய்விடுகிறது. நாலு பழத்துச் சர்க்கரை மட்டும் டம்ளரில் நிற்கிறது. சுளையாகச் சாப்பிட்டால் ஒரு பழத்திலேயே போதும் என்று இருக்கும்.

முழுப் பழத்தில் சர்க்கரை செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது, மென்றால்தான் வெளியே வரும். கரையும் நார் வயிற்றில் கூழாகிச் சர்க்கரை குடலுக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது. 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றை அடிக்கடி சொல்வேன். நீரிழிவு இல்லாத 10 பேருக்கு ஆப்பிளை முழுதாகவும் மசித்தும் ஜூஸாகவும் கொடுத்தார்கள். மூன்றிலும் 60 கிராம் கார்போஹைட்ரேட். இரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் ஏறியது. ஆனால் ஜூஸுக்கும் மசியலுக்கும் முழுப் பழத்தைவிட அதிக இன்சுலின் சுரந்தது. ஜூஸ் குடித்த பிறகு சர்க்கரை சரசரவென்று இறங்கவும் செய்தது, முழு ஆப்பிளுக்கு அப்படி ஆகவில்லை. வீட்டு குளுக்கோமீட்டர் இன்சுலினைக் காட்டாது. எண் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதற்காக ஜிலேபி தின்றுவிட்டு மேலே இசப்கோல் என்ற நார் உமியைக் கரைத்துக் குடித்தால் கணக்குத் தீர்ந்துவிடாது. நார் வேகத்தைத்தான் குறைக்கும், தின்ற சர்க்கரையை இல்லாமல் ஆக்காது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் வேண்டாம். முதலில் அவரைக்காய்ப் பொரியலோ சுண்டலோ நிறைய சாப்பிடுங்கள், அப்புறம் இரண்டு ஸ்பூன் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் பாவ் ரொட்டி, மதியம் வெள்ளைச் சோறு, மாலையில் வடாபாவ் என்று ஓடினால் அந்த அளவை எட்டவே முடியாது.

ஒரு நேரத்தில் மட்டும் நார் வேண்டாம். இன்சுலின் போடுபவருக்கு வியர்த்து, கை நடுங்கி, இரத்தச் சர்க்கரை 70 mg/dLக்குக் கீழே போனால் கொய்யாவை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அரை டம்ளர் ஜூஸ், இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.