பாட்டியைப் படுக்க வைத்த பாசம்

தக்கலைக்கு மேற்கே ஒரு வீடு. நான் போனபோது வாக்கர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. இடுப்பு ஆபரேஷன் முடிந்து 19 நாள் ஆகியிருந்தது. கட்டிலில் பாட்டி. தலையணை சரிசெய்ய ஒரு மருமகள், கஞ்சி ஊட்ட இன்னொருத்தி, செல்போன் திரையில் குவைத்திலிருந்து பேரன். பாட்டியின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். தோல் கன்றிச் சிவந்திருந்தது, விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் படி அது.

பிசியோதெரபிஸ்டாக வீடு வீடாகப் போகிறவன் நான். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கவனிப்பாரற்ற முதியவர்களைவிட, இப்படித் தாங்கு தாங்கென்று தாங்கப்படும் முதியவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பேச்சு வராது. யாரைக் கோபிப்பது?

பாட்டிக்கு 78 வயது. முப்பது வயதில் கணவரை இழந்தவர். அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து அண்டி உடைத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். தோட்டு எண்ணெய் பட்டு விரல் தோல் உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்த அண்டியை எடுப்பாராம். வலியைச் சொல்லிப் பழக்கமே இல்லை. அந்தப் பழக்கம்தான் இந்தத் தடவை கெடுத்தது.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கொட்டும். முற்றத்துப் பாசி காய நேரமே கிடையாது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் கிணற்றடியில் வழுக்கினார். தானே எழுந்தார். "சதைப் பிடிப்பு மக்களே" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி நான்கு நாள் மரச்சீனிக் கிழங்கு அவித்திருக்கிறார். தொடை எலும்பின் கழுத்து முறிந்தும், முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று குத்தி நின்றுகொண்டால் சிலரால் நடக்க முடியும். பிறகு ஒரு நாள் அது விலகும். நான்காம் நாள் மாலை விலகியது.

இடையில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவியிருக்கிறார்கள். வர்ம ஆசான்களை நான் குறை சொல்ல மாட்டேன், சுளுக்குக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் விழுந்த முதியவருக்குத் தொடையிடுக்கில் வலி என்றாலோ, ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடந்தாலோ, முதலில் எக்ஸ்ரே. தடவுவதெல்லாம் அப்புறம்.

சரி, இடுப்பு மூட்டில் பாதியை மாற்றி வைத்தாயிற்று. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, வேறு சிக்கல் இல்லையென்றால், மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் முறை. வீட்டாரோ, "உழைச்சது போதும், இனி ராணி மாதிரி கிடக்கட்டும்" என்றார்கள். நல்ல ஆரோக்கியமான முதியவரே பத்து நாள் படுத்தே இருந்தால் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விடும். பாட்டியின் மொத்த எடையே 45 கிலோ. நெஞ்சில் சளி கட்டுவது, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, மலச்சிக்கல், இரவில் ஆள் மாறிப் பேசுவது எல்லாம் படுக்கையோடு வருபவை.

அதற்குமேல் பத்தியம் வேறு. மீன் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புண் ஆறவும் தசை ஊறவும் இந்த நிலையில் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும். பாட்டிக்கு ஒரு நாளைக்கு 54 கிராம். கஞ்சித் தண்ணீரில் அது எங்கே இருக்கிறது? புரதமும் வைட்டமின் டியும் சாளை மீனில் இருக்கின்றன, முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு இல்லை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாளைக்கறியைத் திரும்பக் கொண்டுவந்தோம். பாட்டி முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 140. நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் பார்த்தால் 112. இருபதோ அதற்குமேலோ இறங்கினாலே கவனிக்க வேண்டும். விடியலில் சட்டென்று எழுந்து கிணற்றடிக்குப் போனவரைத் தள்ளிவிட்டதில் பாசிக்கு மட்டுமல்ல, இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். டாக்டர் மாத்திரையை மாற்றினார். எலும்பு மெலிவுக்கான மருந்தையும் அப்போதுதான் தொடங்கினார்கள். இப்படி எலும்பு முறிந்தவர்களில் பலருக்கு அந்தப் பேச்சே எழுவதில்லை. நீங்களாகவே கேளுங்கள்.

நடைப்பயிற்சி என்றால் பாட்டி அசைய மாட்டார். "உள்ளி உரிக்க ஆளில்லையாம்" என்றேன். அடுக்களைக்கு ஒன்பது அடி, வாக்கரோடு வந்து சேர்ந்தார். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து நிற்கும்படி உயரமான நாற்காலி போட்டிருந்தோம். குத்தவைப்பதும், தாழ்ந்த பலகையில் உட்காருவதும் இப்போதைக்குக் கூடாது. கழிப்பறைக்கும் உயர நாற்காலிதான். அருவாமணை கேட்டு ஒரு வாரம் சண்டை. கத்தியைக் கொடுத்தால், "இதென்ன சவரம் பண்ணவா?" என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். பேரன் விடுமுறையில் வந்திருந்தான், முற்றத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாட்டி திண்ணையில் வாக்கரைப் பிடித்து நின்றபடி, "அந்த மூலையில இன்னும் கெடக்கு பாரு மக்களே" என்று அதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சாயா போட உள்ளே திரும்பினார். பேரன் எழுந்து ஓடப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.