பாம் ஃபார்மில் டெக்ஸ்ட் ஃபீல்டு: ஹேண்டிலை யார் விடுவிப்பது?

பழைய பாம் (Palm) கையடக்கக் கணினிகளுக்கு ஆசைக்காக இன்றும் புரோகிராம் எழுதுகிறவர்கள் அவ்வப்போது கோடை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். நான் முதலில் தேடுவது ஃபீல்டுக்கு, அதாவது திரையில் எழுதும் கட்டத்துக்கு, ஹேண்டில் (ஒரு மெமரித் துண்டைக் குறிக்கும் அடையாளம்) கொடுக்கும் வரியைத்தான். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பாம் ஓஎஸ்ஸில், அதாவது அந்தக் கருவிகளின் இயங்குதளத்தில், ஃபீல்டு தன் எழுத்துகளை ஒரு மெமரி ஹேண்டிலில் வைத்திருக்கிறது, பயனர் எழுத எழுத அதன் அளவைத் தானே கூட்டிக்கொள்கிறது. ஆகவே அந்த ஹேண்டிலை லாக் செய்துவிட்டு (மெமரியை இடம் மாறாமல் பிடித்து வைத்துவிட்டு) அன்லாக் செய்ய மறந்தால், ஃபீல்டால் அதைப் பெரிதாக்க முடியாது. செட் டெக்ஸ்ட் ஹேண்டில் என்ற ஃபங்ஷன் வழியாகப் புதிய ஹேண்டிலைக் கொடுத்தால் ஃபீல்டு அதை எடுத்துக்கொள்ளும், ஆனால் பழையதை விடுவிக்காது. அது உங்கள் வேலை. முதலில் பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புதியதைக் கொடுங்கள், அப்புறம் பழையதை ஃப்ரீ செய்யுங்கள். இதுவரை எதுவுமே எழுதாத ஃபீல்டு என்றால் பழையது பூஜ்யமாக வரலாம், அதையும் பார்த்துவிட்டு ஃப்ரீ செய்யுங்கள். திரையில் தெரிய ஃபீல்டை மறுபடி வரையவும் வேண்டும்.

பழையதை ஃப்ரீ செய்யாமல் விட்டால் மெமரி கசியும். 1998இல் வந்த பாம் த்ரீயில் மொத்த மெமரி 2 எம்பி, ஆனால் புரோகிராம் ஓடும்போது பயன்படுத்தும் டைனமிக் ஹீப் 96 கேபிதான், அதிலும் சிஸ்டத்துக்கு ஒரு பங்கு போய்விடும். புரோகிராமை விட்டு வெளியேறியதும் அது விட்டுப்போன மெமரியை சிஸ்டமே கூட்டி அள்ளிவிடுவதால், திறந்து மூடிச் சோதிக்கிறவருக்குக் கசிவு கண்ணில் படாது. கடை கடையாகப் போய் ஒரே புரோகிராமில் ஆர்டர் எழுதும் விற்பனையாளருக்குத்தான் மத்தியானம் தொங்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம். டேட்டாபேஸ் ரெக்கார்டின் ஹேண்டிலையே ஃபீல்டுக்குக் கொடுத்து அங்கேயே திருத்த விடலாம், நல்ல வசதி, காப்பி எடுக்க வேண்டாம். ஆனால் ஃபார்ம் (ஃபீல்டு இருக்கும் திரை) மூடும்போது ஃபீல்டு தன் கையில் இருக்கும் ஹேண்டிலை விடுவித்துவிடும், அது ரெக்கார்டுடையதா என்று பார்க்காது. அதனால் மூடுவதற்கு முன் ஃபீல்டுக்கு நல் (null, வெற்று ஹேண்டில்) கொடுத்து ரெக்கார்டைப் பிரித்துவிட வேண்டும். நிறைய பேர் இதை டன் (Done) பட்டனுக்கான கோடில் எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சரி, பயனர் டன்னை அழுத்தாமல் கீழே இருக்கும் முகவரிப் புத்தக பட்டனை அழுத்தினால்? புரோகிராம் நிற்கும்போது ஃபார்ம்கள் மூடப்படும், உங்கள் பட்டன் கோடு ஓடவே ஓடாது, எழுதிய குறிப்போடு ரெக்கார்டும் கெட்டுப்போகும். நல் கொடுக்கும் வரி, ஃபார்ம் மூடும்போது சிஸ்டம் அனுப்பும் ஃபார்ம் குளோஸ் ஈவென்ட்டில் இருக்க வேண்டும். அங்கே ஃபால்ஸ் திருப்பினால்தான் மிச்ச வேலையை சிஸ்டம் செய்யும். புரோகிராம் நிற்கும் இடத்தில் எல்லா ஃபார்மையும் மூடும் அழைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் இந்த ஈவென்ட்டே வராது.

இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்க, பாம் கருவியைக் கணினியில் போலியாக ஓட்டும் எமுலேட்டரில் கிரெம்ளின்ஸ் என்ற சோதனை வசதியை ஓட விட்டால் அது கண்டபடி தட்டிக்கொண்டே இருக்கும், நாம் நினைக்காத வரிசையில் ஃபார்ம்கள் திறந்து மூடும். வெறுமனே மாற்ற முடியாத லேபிள் மாதிரியான ஃபீல்டு என்றால் ஹேண்டில் வம்பே வேண்டாம், செட் டெக்ஸ்ட் பாயின்டர் போதும்.