வெயில வெளியவே நிறுத்தணும்

ஒரு கட்டடம் எவ்ளோ கரண்ட் இழுக்கும்ங்கறது ஏசி வாங்குற அன்னிக்கு இல்ல, பிளான் போடுற அன்னிக்கே பாதி முடிவாயிடுது. இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்லன்னுதான் எனக்கு வருத்தம்.

மொதல்ல ஜன்னல். வானம் தெளிவா இருக்கற மதியத்துல, வெயிலுக்கு நேரா இருக்கற ஒரு சதுர மீட்டர்ல கிட்டத்தட்ட 1000 வாட் விழுது. சாயந்திரம் கொஞ்சம் கம்மிதான், ஆனா சூரியன் தாழ்வா இருக்கறதால மேற்கு ஜன்னல்ல நேரா அடிக்கும், சாதா கண்ணாடி போட்ட 2 சதுர மீட்டர் ஜன்னல்னா சுமாரா 1000 வாட் உள்ள வந்துரும், ரூம் ஹீட்டர ஓட விட்டுட்டு அதே ரூம்ல ஏசி போட்ட மாதிரி. அதான் கர்ட்டன் இருக்கேன்னு கேப்பீங்க. வெயில் கண்ணாடிய சுலபமா தாண்டி வந்துடும், ஆனா அது கர்ட்டன்ல பட்டு சூடாகி, அந்த சூடு அகச்சிவப்பு கதிரா திரும்பிப் போகும்போது கண்ணாடி வெளிய விடாது, உள்ளயே மாட்டிக்கும். அதனால மறைப்பு கண்ணாடிக்கு வெளிய இருக்கணும், ஷட்டரோ மரமோ எதுவானாலும் சரி. மேற்குப் பக்கம் வெறும் சன்ஷேடு பத்தாது, வெயில் அதுக்குக் கீழ நுழைஞ்சிடும், செங்குத்தான மறைப்புதான் வேணும்.

அடுத்து கூரை. காங்கிரீட் பகல் பூரா சூட்ட உறிஞ்சி வச்சிக்கிட்டு சில மணி நேரம் கழிச்சுத்தான் கீழ விடும், ராத்திரி ஃபேன் காத்து அனலா வர்றது இதனாலதான். புதுசா அடிச்ச நல்ல வெள்ள பெயிண்ட் வெயில்ல 80% வரைக்கும் திருப்பி அனுப்பிடும் (அழுக்கு படிஞ்சா கொறையும், கழுவணும்). இன்சுலேஷன், அதாவது சூடு தாண்டாம தடுக்கற அடுக்கு, போடறதா இருந்தா காங்கிரீட்டுக்கு மேல போடுங்க. கீழ சீலிங்ல ஒட்டினாலும் ரூமுக்கு சூடு கொறையும்தான், ஆனா காங்கிரீட் வெயில்ல காயறது நிக்காது. மேல போட்டா காங்கிரீட் அவ்ளோவா சூடாகாது, ராத்திரி வெளிய குளுமையா இருந்தா ஜன்னல தொறந்து அத ஆற விடலாம், மறுநாள் ரூம் சூட்ட அதுவே கொஞ்சம் வாங்கிக்கும்.

குளிர் நாட்டுலயும் கணக்கு இதேதான், அங்க சூட்ட உள்ள நிறுத்தணும், அவ்ளோதான். ஜெர்மனில டார்ம்ஸ்டாட்ல 1991ல கட்டின பேசிவ் ஹவுஸ்ல (ரொம்பக் கொஞ்ச ஹீட்டிங்லயே கதகதப்பா இருக்கற மாதிரி பிளான் போட்ட வீடு) தடியான இன்சுலேஷன், மூணு அடுக்கு கண்ணாடி, காத்து கசியாத சுவர், வெளிய போற காத்தோட சூட்ட உள்ள வர்ற காத்துக்கு மாத்திக் குடுக்கற கருவி எல்லாம் சேத்து வச்சாங்க, சாதா வீட்டுக்கு ஆகற ஹீட்டிங்ல சுமார் பத்துல ஒரு பங்கே போதுமாயிடுச்சு.

இதெல்லாம் முடிச்சப்புறம் ஏசி எத்தன டன்னுன்னு கணக்கு போடுங்க. முன்னாடியே போட்டா தேவைக்கு மேல பெரிய மெஷின் வந்துடும், அது இன்வெர்ட்டர் ஏசியா (தேவைக்கேத்த மாதிரி வேகத்த கூட்டிக் கொறைக்கிறது) இல்லாம இருந்தா சட்டுனு குளிர வச்சிட்டு நின்னு நின்னு ஓடும், காத்துல இருக்கற ஈரத்த ஒழுங்கா எடுக்காது.