பானெட் சூடாக இருந்தால் அன்றைக்கு வண்டி பார்க்காதீர்கள்

கோடை மாதங்களில் கொடைக்கானல் மலைப்பாதையில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வருவது எங்கள் பட்டறைக்கு வாடிக்கையான வேலை. போன மே மாதம் அப்படி ஒரு எஸ்யூவி வந்தது. ஓட்டி வந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பா, அம்மா, கைக்குழந்தை எல்லாரும் ஒரே வண்டியில் போகலாம் என்று 2012 மாடல் பழைய டீசல் வண்டியை நாலேகால் லட்சத்துக்கு வாங்கியிருந்தார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வத்தலகுண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் டெம்பரேச்சர் முள் மேலே போயிருக்கிறது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே, மேலே போய்ப் பார்த்துக்கலாம்னு ஓட்டிட்டேன் அண்ணே" என்றார்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அந்த ஹோஸ் 600 ரூபாய். ஆனால் அதற்குள் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு எரிந்துவிட்டது. ஹெட் ஃபேஸிங், வால்வு வேலை, கேஸ்கெட் செட், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் பில் போட வேண்டியதாயிற்று. கடன் வாங்கித்தான் கட்டினார். அன்றைக்கே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பழைய எஸ்யூவி வாங்குகிறவர்கள் கையில் இருக்கிற பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய டீசல் வண்டிக்கு, வாங்கும் விலையில் கால் பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். நாலு லட்சம்தான் இருக்கிறதா, மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்குள் வண்டி தேடுங்கள். நான் இங்கே சொல்லும் தொகைகள் எங்களைப் போன்ற தனிப் பட்டறைக் கணக்கு. மாடலுக்கு மாடல் மாறும், கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்னும் கூடும்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த பெரிய செலவுகளில் பாதி இங்கிருந்து வந்தவை. எங்கள் பக்கம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கூலன்ட்டுக்குப் பதில் அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களிலும் அதேதான் படியும். தட்டையான சாலையில் ஒன்றும் தெரியாது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டு மலை ஏறும்போது தெரியும். வண்டி ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ, எந்த நிறமானாலும் தெளிவாக இருக்க வேண்டும். செம்மண் தண்ணீர் மாதிரி இருந்தால் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் வேலை கேட்கும். 10,000 முதல் 18,000 ரூபாய் வரை ஆகலாம். மேலே எண்ணெய் மிதந்தால், அல்லது இன்ஜின் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால், ஆயிலும் கூலன்ட்டும் உள்ளே கலக்கின்றன என்று அர்த்தம்; அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. வண்டி சூடாகிறது என்று போனால் சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அது வைத்தியம் அல்ல. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அடைப்பு அப்படியே இருக்கும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். வண்டி பார்க்கக் காலையில் போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, "நான் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து தயார்படுத்தியிருக்கிறார்கள். டீசல் இன்ஜினின் நோய் குளிர்ந்த நிலையில்தான் வெளியே தெரியும். செல்ஃப் நீளமாகச் சுற்றிய பிறகே பிடிக்கிறதா, முதல் நிமிடம் வெள்ளைப் புகையோடு குலுங்குகிறதா, டைமிங் செயின் பக்கம் சலசலவென்று சத்தம் வந்து அப்புறம் அடங்குகிறதா என்று கவனியுங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயிலைத் தின்கிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. முழு இன்ஜின் வேலைக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாது.

2000-களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான டீசல் எஸ்யூவிகள் காமன் ரெயில் இன்ஜின்கள்தான், அதாவது ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து எல்லா சிலிண்டருக்கும் கொடுப்பவை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓட்டைகள் முடி அளவு மெல்லியவை. டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் அதன் வழியாகப் பீய்ச்சப்படுகிறது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ இருந்தாலே போதும், இன்ஜெக்டர் கெட்டுவிடும். டீசல் ஃபில்டர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். அதை மாற்றாமல் விட்டால், ஒரு இன்ஜெக்டரை ரீகண்டிஷன் செய்ய 5,000, புதிதாக வாங்க 12,000-க்கு மேல், அப்படி நாலு. எல்லா இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னால் முதலில் ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது ஒவ்வொன்றும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்ற சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். எது கெட்டது என்று அதில் தெரிந்துவிடும், பல நேரம் ஒன்றுதான் கெட்டிருக்கும்.

இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஹைவேயில் வேகமாக வந்து டீக்கடை வாசலில் சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தால், சூட்டில் அந்த ஆயில் கருகிப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். கெட்டுப்போனால் ரீகண்டிஷன் 12,000 முதல் 18,000, புதிது 30,000-க்கு மேல்.

ஸ்கார்ப்பியோ, பழைய சஃபாரி, ஃபார்ச்சூனர் மாதிரி சேசிஸ் மேல் பாடி வைத்த வண்டிகளில் பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளமான தண்டு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட், அடியில் போகும். கியர் போட்டு நகரும்போது அடியில் 'டக்' என்று கேட்டால் பெரும்பாலும் அந்தத் தண்டின் மூட்டான கிராஸ் தேய்ந்திருக்கும். இதைக் காட்டி பின் அச்சில் இருக்கும் டிஃபரென்ஷியல் கியரே போய்விட்டது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. கிராஸ் மாற்றக் கூலியோடு சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கிளட்ச் செட் 12,000 முதல் 18,000. ஆனால் வண்டியில் இருப்பது ட்யூயல் மாஸ் ஃப்ளைவீலா (கிளட்ச் உட்காரும், இரண்டு பாகமாகச் செய்த கனமான சக்கரம்) என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் போயிருந்தால் செலவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும்.

முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் எப்படியும் செய்ய வேண்டியிருக்கும், 20,000 வைத்துக்கொள்ளுங்கள். நாலு டயர் 40,000 வரும். டயரின் பக்கத்தில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தரையைத் தொடும் கட்டை நன்றாக இருந்தாலும் ஆறேழு வயதான டயரை நம்பி மலை ஏறாதீர்கள்.

கிலோமீட்டர் காட்டும் எண்ணை நான் பார்ப்பதே இல்லை. பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம், ஸ்டியரிங்கின் பளபளப்பு, இவற்றை மாற்றி எழுத முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே மண் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகும் அப்படிப்பட்டவை எங்கள் பக்கம் வரை வந்தன. அவற்றில் வயரிங் கோளாறு ஒன்று முடிந்தால் அடுத்தது வரும்.

டெல்லி பதிவு வண்டி மலிவாக இருக்கிறதே என்று கேட்கிறார்கள். 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால்தான் விலை அப்படி இறங்கியது; 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியது. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்யும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் லாபம் பாதியாகிவிடும். எந்த ஊர் வண்டியானாலும் 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனை, பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும்; அதுவும் ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் கிடைக்கும். 2012 வண்டிக்கு அது 2027-ல் வந்துவிடுகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம், ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய். அந்தத் தம்பியின் வண்டியில் ஹோஸ் வெடிப்பு புதிதில்லை. அதன் மேல் பழைய டேப் சுற்றியிருந்தது. பானெட்டைத் திறந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும்.