ஒப்புதலுக்காக ஒரு ஃப்ளோ எப்படிக் காத்திருக்கிறது?

மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில், ஒப்புதல் கேட்கும் ஃப்ளோவை (தானாக ஓடும் பணித்தொடரை) அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம். ஷேர்பாயிண்ட் லிஸ்டில் (பலர் பகிரும் இணைய அட்டவணை) புதிய வரி சேர்ந்ததும், ஃப்ளோவைத் தொடங்கிவைக்கும் ட்ரிகர் ஓடும். மேலாளருக்கு மெயிலும் டீம்ஸ் அறிவிப்பும் போகும். அவர் பொத்தானை அழுத்தியதும் ஸ்டேட்டஸ் மாறும். சோதனையில் இது பிசகாமல் ஓடும், ஏனென்றால் சோதிப்பவர் 10 வினாடியில் பொத்தானை அழுத்திவிடுகிறார். நிஜத்தில் பதில் வர 3 வாரம்கூட ஆகும். அதற்குள் தொகை திருத்தப்படும், மேலாளர் மாறுவார், கோரிக்கை போட்டவர் விடுப்பில் போவார். கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

காத்திருக்கும் ஃப்ளோ எங்கேயும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. பவர் ஆட்டோமேட்டுக்கு அடியில் இருப்பது அஸூர் லாஜிக் ஆப்ஸ் எஞ்சின். ஒப்புதல் படியை எட்டியதும் அது, அதுவரை நடந்த படிகளின் உள்ளீடு, வெளியீடு எல்லாவற்றையும் சேமிப்பகத்தில் எழுதி வைக்கிறது. பதில் வந்தால் கூப்பிட வேண்டிய ஒரு யூஆர்எல்லை ஒப்புதல் சேவையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. படித்த பக்கத்தில் அடையாளத் துண்டைச் செருகிப் புத்தகத்தை மூடி வைப்பது போலத்தான். மேலாளர் பொத்தானை அழுத்தினால் அந்த யூஆர்எல் கூப்பிடப்படும். எஞ்சின் சேமித்ததை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆயிரம் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் காத்திருக்க முடிவது இதனால்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஃப்ளோ ஒருமுறை ஓடுவதை ஓர் ஓட்டம் என்போம். ஓட்டம் தொடங்கியபோது லிஸ்டில் இருந்த தொகைதான் அதன் நினைவில் இருக்கும். நடுவில் யாராவது மாற்றியிருந்தால் அதற்குத் தெரியாது. ஃப்ளோவின் அமைப்பும் அப்படியே: இன்று நீங்கள் ஒரு நிபந்தனையைத் திருத்திச் சேமித்தாலும், போன வாரமே தொடங்கிக் காத்திருக்கும் ஓட்டங்கள் பழைய அமைப்பின்படியே முடியும். ஆகவே பதில் வந்ததும் ஃப்ளோ செய்ய வேண்டிய முதல் வேலை, லிஸ்ட் வரியை மறுபடி படிப்பது. மெயிலுக்கு எழுதிய பழைய மதிப்பை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது கால வரம்பு. பவர் ஆட்டோமேட்டில் ஓர் ஓட்டம் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடிருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் காத்திருக்கும் படி டைம்அவுட் ஆகும். ஒப்புதல் கோரிக்கை மட்டும் மேலாளரின் பட்டியலில் அப்படியே கிடக்கும். அவர் 32-ஆம் நாள் ‘ஒப்புதல்’ என்று அழுத்துவார், திரையில் பதில் பதிவானதாகத் தெரியும், கேட்க ஆளில்லை. கோரிக்கை போட்டவரோ இன்னும் ‘நிலுவை’ என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு நல்ல வழி, ‘தொடங்கிக் காத்திரு’ என்ற ஒற்றைப் படியை விட்டுவிட்டு, ஒப்புதலை உருவாக்குவதையும் காத்திருப்பதையும் இரண்டு படிகளாகப் பிரிப்பது. உருவாக்கும் படி ஓர் ஒப்புதல் ஐடியைத் தரும். அதை லிஸ்டில் ஒரு நெடுவரிசையில் எழுதி வையுங்கள். காத்திருக்கும் படிக்கு 28 நாள் டைம்அவுட் கொடுத்து, ‘டைம்அவுட் ஆனால் மட்டும் ஓடு’ என்று அமைத்த அடுத்த படியில் ஸ்டேட்டஸை ‘தொடர்க’ என்று மாற்றுங்கள். ட்ரிகர் வரி மாறும்போதும் ஓடுவதாக இருந்தால், அந்த மாற்றம் புதிய ஓட்டம் ஒன்றைக் கிளப்பும். அது புதிதாகக் கோரிக்கை அனுப்பாமல், சேமித்த ஐடியைக் கொடுத்து அதே ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். மேலாளர் பார்ப்பது ஒரே கோரிக்கைதான். பின்னால் அதை எத்தனை ஓட்டங்கள் தோள் மாற்றிச் சுமந்தன என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நினைவூட்டல் அனுப்ப ‘டூ அன்டில்’ லூப் (நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பத் திரும்ப ஓடும் படி) போடுபவர்கள் கவனிக்க: அதன் இயல்பு வரம்பு 60 சுற்று, 1 மணி நேரம். உள்ளே 2 நாள் தாமதம் வைத்தால், முதல் சுற்று முடியும்போதே 1 மணி நேரம் தாண்டியிருக்கும். லூப் ஒரே நினைவூட்டலோடு நின்றுவிடும், பெரும்பாலும் பிழை எதுவும் காட்டாமலே. இரண்டு வரம்புகளையும் கையால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

‘வரி மாறினால்’ என்ற ட்ரிகர் வைத்த ஃப்ளோ அதே வரியில் ஸ்டேட்டஸை எழுதினால், அதுவும் ஒரு மாற்றமே. ஃப்ளோ தன்னைத் தானே மறுபடி எழுப்பிக்கொள்ளும். இதை உள்ளே ‘இஃப்’ போட்டுத் தடுப்பதைவிட ட்ரிகர் நிபந்தனையில் தடுப்பது நல்லது. ஸ்டேட்டஸ் ‘சமர்ப்பித்தது’ அல்லது ‘தொடர்க’ என்றிருந்தால் மட்டும் ஓட்டம் பிறக்கட்டும். ஃப்ளோவின் முதல் படியே அதைப் ‘பரிசீலனையில்’ என்று மாற்றட்டும். ஒரே வரிக்கு இரண்டு ஓட்டங்கள் கிளம்பிவிடுமோ என்று பயந்து ட்ரிகரின் கன்கரன்சியை (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஓட்டங்களின் எண்ணிக்கையை) 1 என்று வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால், ஒருவர் 3 வாரம் பதில் தராதபோது அவருக்குப் பின்னால் வந்த எல்லாருடைய கோரிக்கையும் வரிசையில் நிற்கும். போதாக்குறைக்கு, ஒரு ஃப்ளோவில் அந்த அமைப்பை ஒருமுறை இயக்கினால் திரும்ப அணைக்க முடியாது. ஸ்டேட்டஸை மாற்றும் படியில் வரியின் ஈடேகை (வரி மாறும்போதெல்லாம் மாறும் அடையாளக் குறியை) சேர்த்து அனுப்புவதே சரி. வேறொரு ஓட்டம் முந்திக்கொண்டிருந்தால் ஷேர்பாயிண்ட் 412 பிழை தரும். பிந்திய ஓட்டம் அங்கேயே முடிந்துகொள்ளலாம்.

யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதை ஃப்ளோவுக்குள் எழுதாமல், தனி விதி லிஸ்டில் வையுங்கள்: கோரிக்கை வகை, குறைந்தபட்சத் தொகை, அதிகபட்சத் தொகை, நிலை, பொறுப்பு. ஆள் பெயர் வேண்டாம். பொறுப்பை எழுதி, கேட்கும் நேரத்தில் அந்தப் பொறுப்பில் இருப்பவரைத் தேடுங்கள். ஒரு வரி 10,000-இல் முடிந்து அடுத்த வரியும் 10,000-இல் தொடங்கினால், சரியாக 10,000 கேட்பவருக்கு இரண்டு விதிகள் பொருந்தும். 9,999-இல் முடித்தால், 9,999.50 எதிலும் சேராது. ‘குறைந்தபட்சத்தைவிட அதிகம், அதிகபட்சத்துக்குள்’ என்று ஒரே முறையை எல்லா வரிக்கும் வைத்தால் இரண்டும் நடக்காது. தேடிய பிறகு இரண்டு கேள்விகள்: ஆள் கிடைத்தாரா, கிடைத்தவர் கோரிக்கை போட்டவரேதானா? மேலாளர் பதிவாகாத கணக்குக்கு மேலாளரைக் கேட்டால் அந்தப் படி 404 பிழையோடு விழும். மாற்று வழி இல்லையென்றால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

பதிலைப் படிப்பதில் ஒரு பொடி நுணுக்கம். முடிவாக வரும் சொல் ‘அப்ரூவ்’, ‘அப்ரூவ்டு’ அல்ல. ஓர் எழுத்து கூடினாலும் எல்லாம் மறுப்புக் கிளைக்குப் போகும். நாமே வகுத்த விருப்பப் பதில்களோடு எல்லாருக்காகவும் காத்திருந்தால், பதில்கள் காற்புள்ளியால் கோத்த ஒரே சொற்றொடராக வரும். மூவரில் இருவர் போதும் என்பது போன்ற விதி இருந்தால், வந்த பதில்களின் வரிசையை எடுத்து எண்ணத்தான் வேண்டும்.

எதற்கு ஒப்புதல் தரப்பட்டது என்பது யார் தந்தார் என்பதற்கு இணையாக முக்கியம். ஆவணத்தின் பதிப்பு எண்ணைக் கோரிக்கையோடு சேமித்து, பதில் வந்ததும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ஒப்புதல் செல்லாது, மறுபடி முதல் நிலை. ஆனால் ஸ்டேட்டஸ் நெடுவரிசையை ஆவண லைப்ரரியிலேயே வைத்தால், ஃப்ளோ அதில் எழுதும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண் ஏறும். ஒப்பீடு எப்போதும் தவறும். ஒப்புதல் நிலையைத் தனி லிஸ்டில் வைத்து, ஆவணத்துக்கு இணைப்பு மட்டும் கொடுங்கள்.

லிஸ்டில் திருத்த உரிமை உள்ள யாரும் ஸ்டேட்டஸை நேரடியாக ‘ஒப்புதல்’ என்று மாற்றிவிடலாம். ஷேர்பாயிண்டில் நெடுவரிசை வாரியான உரிமை கிடையாது. படிவத்தில் மறைப்பது பாதுகாப்பாகாது. எனவே முடிவுகளுக்கு இன்னொரு லிஸ்ட் வேண்டும். சேவைக் கணக்கு (தனி ஆளுக்குச் சொந்தமில்லாமல் ஃப்ளோவுக்கென வைத்த கணக்கு) மட்டுமே அதில் எழுதலாம். நிலை, பதில் தந்தவர், முடிவு, குறிப்பு, பதிப்பு எண், நேரம் ஒவ்வொன்றும் அதில் பதிவாகட்டும். பணம் விடுவிப்பது போன்ற அடுத்த வேலை இந்த லிஸ்டைத்தான் நம்ப வேண்டும். ஃப்ளோவின் ஓட்ட வரலாறு 28 நாளில் போய்விடும். தணிக்கைக்கு அது உதவாது. ஃப்ளோவின் இணைப்புகளும் அதே சேவைக் கணக்கில் இருக்கட்டும். தனி ஒருவரின் கணக்கில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போனதும் எல்லாம் நின்றுவிடும்.

சோதிக்கும்போது 28 நாளைச் சில நிமிடமாகக் குறைத்து, பதில் தராமல் விட்டுப் பாருங்கள். காத்திருக்கும்போதே ஆவணத்தைத் திருத்தி, அதன் பிறகு ஒப்புதல் தாருங்கள். டைம்அவுட் பெட்டி கேட்பது ஐஎஸ்ஓ 8601 வடிவம். அதில் ‘எம்’ என்ற எழுத்துக்கு இரண்டு பொருள்: ‘பிடி5எம்’ என்றால் 5 நிமிடம், நடுவில் உள்ள ‘டி’ விட்டுப்போய் ‘பி5எம்’ ஆனால் 5 மாதம்.