நாடியா, இதயத் துடிப்பா? ‘ஹார்ட் ரேட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் காலையில் ஓடுகிறவர்கள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஹார்ட் ரேட் 160 காட்டுது’ என்பார்கள். மருத்துவமனையில் சிஸ்டர் ‘பல்ஸ் பார்க்கணும், கையை நீட்டுங்க’ என்பார். வீட்டுப் பெரியவர்கள் ‘நாடி பிடிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்’ என்பார்கள். மூன்றும் ஒன்றுதானா என்றால், பெரும்பாலான நாட்களில் ஒன்றுதான்.

இதயம் சுருங்கும்போது ரத்தம் தமனிக்குள் தள்ளப்படுகிறது. அந்த அலை மணிக்கட்டிலும் கழுத்திலும் தோலுக்கு அடியில் வந்து முட்டும். அந்த முட்டல்தான் நாடி. நிமிடத்துக்கு எத்தனை முறை இதயம் சுருங்குகிறது என்ற எண்ணிக்கை இதயத் துடிப்பு வீதம். நலமான உடலில் இரண்டுக்கும் ஒரே எண் வரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போல இதயத்தின் லயம் தவறியவர்களுக்கு மட்டும் சில சுருக்கங்கள் வலுவில்லாமல் மணிக்கட்டு வரை எட்டாது. ஸ்டெதாஸ்கோப்பில் 110 கேட்கும், கையில் 90தான் கிடைக்கும். மருத்துவர்கள் இரண்டு சொல்லையும் தனித்தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

நாடி என்ற சொல்லின் பழைய பொருள் துடிப்பே கிடையாது, குழல். வடமொழியில் உள்ளே துளையுள்ள தண்டு, குழாய், உடலில் ஓடும் நாளம் எல்லாவற்றுக்கும் நாடி என்றே பெயர். நாம் சொல்லும் நாழிகையும் இதே குடும்பம்: சிறு துளை வழியே நீர் இறங்குவதை வைத்து நேரம் அளந்த காலத்துச் சொல், 24 நிமிடத்தைக் குறிக்கும். இந்தக் குடும்பம் முழுவதும் தமிழ்வேரிலிருந்தே வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும் ‘குழல்’ என்ற பொருள் இன்னும் சாகவில்லை. ‘நாடி நரம்பெல்லாம் ஊறிப்போச்சு’ என்று சொல்லும்போது அந்தப் பொருளைத்தான் புழங்குகிறோம். குழலைக் குறித்த சொல், அதைத் தொட்டால் விரலில் படும் அசைவுக்கும் ஆகிவந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறளை (948) நாடி பார்த்தலுக்குச் சான்றாகச் சிலர் மேடையில் எடுத்துவிடுகிறார்கள். அந்த நாடி வேறு. அது ‘நாடு’ என்ற வினையிலிருந்து வந்த எச்சம். ஆராய்ந்து என்று பொருள். தெற்கே மோவாயையும் நாடி என்பார்கள். ‘நாடியைப் பிடித்துக் கெஞ்சினான்’ என்பதில் மருத்துவம் ஏதும் இல்லை. நாடி ஜோசியத்தை நான் தொடப்போவதில்லை.

சித்த மருத்துவத்தில் நாடி பார்ப்பது எண்ணுவதற்காக அல்ல, நடையை அறிவதற்காக. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஆட்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம் (கபம்) என்று பிரித்து உணர்வார்கள். வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டை போல. ஐயம் பாம்பு, தவளை போல. நிமிடத்துக்கு இத்தனை என்ற கணக்கு வேறொரு மரபு. 1707இல் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து அதைக் கொண்டு நாடியை எண்ணினார். ‘பல்ஸ்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு அடி, உந்தல் என்று பொருள். அது தொடக்கத்திலேயே துடிப்பைச் சொன்ன சொல். நம் நாடிக்கு அந்த வேலையைச் செய்ய ‘துடிப்பு’ துணைக்கு வர வேண்டியிருந்தது. துடி நல்ல பழைய தமிழ். பாலை நிலத்துப் பறைக்கும் அதே பெயர்.

சரி, இனி நிகர்ச்சொற்கள். ஹார்ட் ரேட் என்பதற்கு ‘இதயத் துடிப்பு வீதம்’ பொருந்தும்; பேச்சில் ‘இதயத் துடிப்பு’ போதும். செய்தித்தாள்களில் ‘இதயத் துடிப்பு விகிதம்’ என்று வருவது எனக்கு ஒப்பவில்லை. விகிதம் என்றால் இரண்டு அளவுகளின் ஒப்பு, 3:2 என்பதுபோல. நேரத்துக்கு எத்தனை என்று சொல்ல வீதம்தான் சரி. பல்ஸ் என்பதற்கு நாடி அல்லது நாடித்துடிப்பு. ரெஸ்டிங் ஹார்ட் ரேட் என்பதை ‘ஓய்வுத் துடிப்பு’ என்று சுருக்கமாகச் சொல்லலாம். எண்டூரன்ஸ் என்பதற்கு உடற்கல்வியில் ‘தாங்கும் திறன்’ இருக்கிறது. மைதானத்தில் எல்லோரும் ‘தம்’ என்கிறார்கள். அது மூச்சைக் குறிக்கும் பாரசீகச் சொல். ‘தம் இருக்கு’ என்பதைத் தாண்டி மக்களிடம் வேறு சொல் செல்லும் என்று தோன்றவில்லை.

ஓய்வுத் துடிப்பைக் காலையில் கண் விழித்ததும், எழுந்திருப்பதற்கு முன், காபிக்கு முன் எண்ண வேண்டும். வளர்ந்தவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவைத் தனியே விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். வேகஸ் நரம்புதான் அதைக் கட்டி இழுத்து 70 சொச்சத்தில் வைத்திருக்கிறது. ஓய்வில் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் வேண்டும். துடிப்புக்கு 70 மில்லி தள்ளும் இதயம் 70 முறை துடிக்கிறது. மாதக்கணக்கில் ஓடியவருடைய இதயம் ஒரு துடிப்புக்கு 100 மில்லி தள்ளினால் 50 போதும். நெடுந்தூர வீரர்களுக்கு 40 சொச்சம் வருவது இப்படித்தான். மருத்துவத்தில் 60க்குக் கீழே போனால் பிராடிகார்டியா என்று பெயர். கிரேக்கத்தில் மெதுவான இதயம் என்று பொருள். பயிற்சி செய்பவருக்கு அது நோயில்லை. தலைசுற்றல், மயக்கம் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மலையில் இந்த எண்களை அப்படியே நம்ப முடியாது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். குறையை ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிக்கும். சமவெளியிலிருந்து வந்தவருக்கு முதல் சில நாள் ஓய்வுத் துடிப்பும் ஏறும், அதே வேகத்தில் ஓடினால் வரும் எண்ணும் ஏறும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல இறங்கும். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ இதே உயரம். அங்கே 10,000 மீட்டரைக் கென்யாவின் நஃப்தாலி தெமு 29 நிமிடம் 27.4 விநாடியில் வென்றார். அப்போதைய உலகச் சாதனை 27:39.4, அதை வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். மெல்லிய காற்றுக்குப் பழகிய உடலுக்குச் சிவப்பணுக்கள் கூடும் என்பதால், அந்தப் பலனைத் தேடி நாட்டின் நடுத்தூர, நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஊட்டிக்கு முகாமிட வருகிறார்கள்.

பயிற்சியின்போது எவ்வளவு துடிக்கலாம்? 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம் எல்லா ஜிம் சுவரிலும் இருக்கிறது. அது சராசரிக்கான உத்தேசம். ஒருவருக்கு 10, 12 மேலே கீழே போவது சாதாரணம். உச்சத் துடிப்பு வயதோடு குறையும், பயிற்சியால் ஏறாது. ஃபின்லாந்தின் மார்ட்டி கார்வோனன் 1957இல் வெளியிட்ட முறை இன்னும் பொருத்தமானது. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் வருவதை ஆங்கிலத்தில் ரிசர்வ் என்கிறார்கள். ‘கையிருப்புத் துடிப்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன், பிடித்திருக்கிறது. கோத்தகிரியில் ஓடும் 40 வயதுப் பெண் ஒருவருக்கு உச்சம் 180, ஓய்வில் 60 என்றால் கையிருப்பு 120. அதில் 60 விழுக்காடு 72. ஓய்வின் 60ஐக் கூட்டினால் 132. எழுபது விழுக்காட்டுக்கு 144. தாங்கும் திறனை வளர்க்கும் நீண்ட ஓட்டமெல்லாம் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏற்றத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளில் ஏறுகிறவர் இந்த எல்லைக்குள் இருப்பேன் என்று அடம்பிடித்தால் இறங்கித் தள்ளவேண்டியதுதான்! பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது மலைச் சரிவில் இன்னும் நம்பகமான அளவுகோல்.

கைக்கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடியில் மினுக்கும் பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்து எண்ணுகிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் தோலின் நாளங்கள் சுருங்கிவிடுவதால் அது தடுமாறும்; சில நேரம் காலடி வேகத்தையே துடிப்பு என்று எண்ணி 175 காட்டும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்னலையை நேராக வாங்குகிறது. ஆக, பட்டை தருவது இதயத் துடிப்பு. கடிகாரத்தில் ‘ஹார்ட் ரேட்’ என்று எழுதியிருந்தாலும் அது பார்ப்பது நாடிதான், பாட்டி பிடித்துப் பார்த்த அதே மணிக்கட்டில்.