துர்கைக்கு யாரும் கண் தானம் செய்யவில்லை

புரட்டாசி அமாவாசை நெருங்கினால் போதும், ஏதாவது ஒரு தொலைக்காட்சியின் அடியில் அந்த வரி ஓட ஆரம்பித்துவிடும்: 'கொல்கத்தாவில் துர்கை அம்மனுக்குக் கண் தானம்.' மேலே ஓடும் படத்தில் பெரியவர் ஒருவர் மெல்லிய தூரிகையைப் பிடித்து, களிமண் முகத்தில் கருவிழி தீட்டிக்கொண்டிருப்பார். தமிழில் கண் தானம் என்றால் என்ன என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இறந்தவரின் கண்ணை எடுத்துப் பார்வை இல்லாதவருக்குப் பொருத்துவது. கண் வங்கி, உறவினர் சம்மதம், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்ற அவசரம், இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சொல். அம்மனுக்கு யாருடைய கண்ணை எடுத்து வைத்தார்கள்?

வங்காளிகள் இதற்குச் சொல்லும் பெயர் 'சக்ஷுதான்' (சக்ஷு + தான்). எழுதுவது அப்படி, வாயில் வருவது 'சொக்குதான்'. (சொக்குப்பொடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) சக்ஷு என்றால் கண். தமிழில் அது சட்சு என்று எப்போதோ வந்துவிட்டது. குரு தன் பார்வையாலே தரும் நயன தீட்சையைச் சைவர்கள் சட்சு தீட்சை என்றும் சொல்வார்கள். 'தான்' என்பது தானம். 'தா' என்ற வடமொழி வேர், பொருள் கொடுத்தல். நம்முடைய 'தா'வுக்கும் அதற்கும் உறவு உண்டா என்ற சண்டையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்தால் 'கண் கொடுத்தல்'. சொற்பிறப்பு இவ்வளவுதான். சிக்கல் பிறப்பில் இல்லை, அந்தத் தானம் தமிழுக்கு வந்து என்ன ஆனது என்பதில் இருக்கிறது.

முதலில் அங்கே நடப்பது என்னவென்று பார்த்துவிடுவோம். வட கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை ஒட்டிக் குமோர்டுலி என்று ஒரு பகுதி. குமோர் என்றால் குயவர், டுலி என்றால் குடியிருப்பு. நம் ஊர்க் கணக்கில் வேளார் தெரு. இதையும் 'குமார்துலி' என்று எழுதி, முருகனோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத யாத்திரை நாளில் மூங்கில் சட்டத்துக்குப் பூஜை போடுவார்கள். அப்புறம் வைக்கோல் கட்டி, களிமண் பூசி, காயவிட்டு, வண்ணம் அடித்து வேலை நகரும். மரபுப்படி கண்ணை மட்டும் மகாளய அமாவாசை வரை விட்டுவைப்பார்கள். அன்று கூடத்தின் மூத்த கைவினைஞர் குளித்து, விரதம் இருந்து, மூன்று கண்ணையும் எழுதி முடிப்பார். இப்போது ஆர்டர் குவிவதால் பல சிலைகளுக்கு முன்கூட்டியே கண் எழுதி அனுப்பிவிடுகிறார்கள் என்பது தனிக் கதை. அங்குள்ள பழைய பாணி முகத்தின் கண்ணைப் 'பொடோல்சேரா சோக்' என்பார்கள், நீளவாக்கில் பிளந்த புடலின வகைக் காய் ஒன்றைப்போன்ற கண். மாணிக்கவாசகர் உமையை 'மாவடு வகிரன்ன கண்ணி' என்றார். அங்கே காய், இங்கே மாவடு, இரண்டையும் வகிர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கண்ணெழுத்து ஏன் மகாளய அமாவாசையில்? அன்றோடு பித்ரு பட்சம் முடிகிறது, மறுநாள் தேவி பட்சம் தொடங்குகிறது. விடியற்காலை பாபுகாட், பாக்பஜார் படித்துறைகளில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நின்று, எள்ளும் தர்ப்பையும் வைத்துத் தர்ப்பணம் விடுகிறார்கள். அதே விடியலில் நான்கு மணிக்கு ஆகாசவாணியில் 'மகிஷாசுரமர்தினி' ஒலிபரப்பாகிறது. 1931-ல் தொடங்கிய நிகழ்ச்சி அது. வாணி குமார் எழுத்து, பங்கஜ் குமார் மல்லிக் இசை, பீரேந்திர கிருஷ்ண பத்ரா குரல். 1976-ல் அந்தக் குரலை எடுத்துவிட்டு நடிகர் உத்தம் குமாரை வைத்து வேறு நிகழ்ச்சி போட்டார்கள். ஊரே கொதித்தது, பழையதே திரும்பி வந்தது. முன்னோருக்கு நீர் விடுவது ஒரு பக்கம், தேவியை வரவேற்பது இன்னொரு பக்கம், இரண்டையும் ஒரே விடியலில் வங்காளி கேட்டும் செய்தும் பழகிவிட்டான். அந்தக் காலையில்தான் சிலையின் கண்ணும். நாமும் அதே அமாவாசையில்தான் ராமேசுவரத்திலும் காவிரிக் கரையிலும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். ஆகவே இந்தச் செய்தியில் தமிழருக்கு அந்நியமானது அதிகம் இல்லை. அதைச் சொல்லும் தமிழ்தான் அந்நியமாக இருக்கிறது.

சரி, தானம். வடமொழியில் அது எதைக் கொடுத்தாலும் பொருந்தும் பொதுச் சொல். வங்காளியும் அதை அப்படியே தாராளமாகப் புழங்குகிறான்: பிண்டதான், ஜலதான், அர்க்யதான். மருத்துவமனைக் கண் தானத்துக்கும் அவனுக்கு அதே சக்ஷுதான்தான். குழப்பம் வரும் இடத்தில் 'மரணத்துக்குப் பிந்தைய' என்ற அடைமொழியை முன்னால் போட்டுக்கொள்வான். தமிழில் நடந்தது வேறு. இங்கே தானம் சுருங்கிவிட்டது. உடைமையை விட்டுக்கொடுத்து, இல்லாதவருக்கு இரங்கி, புண்ணியம் கருதிக் கொடுப்பது என்ற வட்டத்துக்குள் வந்துவிட்டது: அன்னதானம், கோதானம், இரத்த தானம். தானம் என்றதும் நமக்குக் கர்ணன் நினைவுக்கு வருகிறான். அந்தக் கர்ணனையே மகாளயக் கதையில் எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: பொன்னாகவே கொடுத்தவன், முன்னோருக்கு அன்னம் கொடுக்காததால் மேலுலகத்தில் சோற்றுக்குப் பதில் பொன்தான் கிடைத்தது, அதைச் சரிசெய்யப் பூமிக்கு வந்துபோன நாட்கள்தான் இந்தப் பட்சம் என்று. பிதிரருக்குக் கொடுப்பது வேறு கணக்கு, தானக் கணக்கில் சேராது. வள்ளுவரும் தென்புலத்தாரை ஓம்புவதை இல்வாழ்வான் கடமையில்தான் வைத்தார், ஈகை அதிகாரத்தில் இல்லை. வழக்கிலும் 'பிண்டம் வைத்தார்', 'தர்ப்பணம் கொடுத்தார்' என்கிறோம். 'முன்னோருக்கு நீர் தானம்' என்று ஒரு தமிழ் ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆனால் மொழிபெயர்ப்பில் கேட்கலாம். அதுவும் அதே புரட்டாசியில்தான்.

இன்னொன்று, கொடுக்கும் திசை. சாமிக்குக் கண் கொடுத்தவர் என்று தமிழரிடம் கேட்டால் ஒரே பதில், கண்ணப்பர். கொஞ்சம் யோசித்தால் திருவீழிமிழலை: ஆயிரம் தாமரையில் ஒன்று குறைய, திருமால் தன் கண்ணை எடுத்துச் சிவனுக்குச் சாத்திச் சக்கரம் பெற்ற தலம். விசித்திரம் என்னவென்றால் வங்காளத் துர்கைக் கதையிலும் உண்மையான கண் தானம் ஒன்று இருக்கிறது. கிருத்திவாசர் 15-ஆம் நூற்றாண்டில் வங்காளியில் பாடிய ராமாயணத்தில், ராவணனை வெல்ல ராமன் காலம் அல்லாத காலத்தில் தேவியை எழுப்புகிறான். அகால போதன் என்று அதற்குப் பெயர். சரத்காலத்தில் நடக்கும் இன்றைய பூஜைக்கே அந்தக் கதையைத்தான் காட்டுவார்கள். 108 நீலத்தாமரையில் ஒன்றைத் தேவி ஒளித்துவிட, தாமரைக்கண்ணன் என்று பெயர் வாங்கியவன் தன் கண்ணையே பறித்து வைக்க அம்பை எடுக்கிறான். தேவி கையைப் பிடித்து நிறுத்துகிறாள். 'துர்கைக்குக் கண் தானம்' என்று தலைப்பு வைக்க வேண்டுமானால் அந்தக் கதைக்கு வைக்கலாம். குமோர்டுலிப் பெரியவர் தன் கண்ணைக் கொடுக்கவில்லை.

இந்தக் குளறுபடியைச் சரிசெய்கிறேன் என்று சிலர் 'விழிக்கொடை' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். தானம் வடசொல், கொடை தமிழ்ச்சொல், மாற்றிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம். எனக்குத் தனித்தமிழ் மேல் பகை கிடையாது. குருதிக்கொடை என்ற சொல் வந்தபோது சிரித்தவர்களும் இன்று அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதே குருதிக்கொடையின் வரிசையில்தான் கண்கொடையும் விழிக்கொடையும் ஏற்கெனவே கண் தானத்துக்கு உட்கார்ந்துவிட்டன. ஆகவே பிழை அப்படியே இருக்கிறது, வேட்டி மட்டும் மாற்றியாகிவிட்டது. அதைவிட ஒரு வேடிக்கை, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொடை என்றாலே கோயில் திருவிழா. அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை. 'துர்கை அம்மனுக்கு விழிக்கொடை' என்று அங்கே ஒரு சுவரொட்டி ஒட்டினால், வில்லுப்பாட்டு எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். ஒரு சொல்லைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மாற்றுவதை மொழிபெயர்ப்பு என்று நினைப்பதுதான் இதன் வேர். வடசொல்லை அப்படியே தூக்கி வைப்பவரும் அதைத் துண்டு துண்டாகத் தமிழாக்குபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இந்தக் காரியத்தைத் தமிழர் செய்யும்போது என்ன சொல்கிறார்கள் என்று இருவருமே போய்க் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் அரை நிமிடத்தில் கிடைத்திருக்கும். கண் திறப்பு. சுவாமிமலை ஸ்தபதியைக் கேட்டாலும் அதுதான், மாமல்லபுரத்துக் கல்தச்சரைக் கேட்டாலும் அதுதான். ஆகமத்தில் நயனோன்மீலனம், அதற்கும் விழி திறத்தல் என்றே பொருள். திருமேனி முழுதும் முடிந்தபின் பொன் ஊசியாலோ உளியாலோ கடைசிக் கோட்டை இழுத்து, முதல் பார்வைக்குக் கண்ணாடி, கன்றோடு பசு, கன்னிப்பெண் என்று மங்கலமானவற்றைக் காட்டுவார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமான வாதம்தான். கல்லிலும் செம்பிலும் கண் ஏற்கெனவே வடித்திருக்கும், மூடியதைத் திறக்கிறோம். களிமண் முகத்தில் கண்ணே இல்லை, புதிதாக இடுகிறார்கள், அதனால்தான் வங்காளி 'கொடுத்தல்' என்கிறான். திறப்பு என்றால் அந்த நுட்பம் போய்விடாதா? போகாது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்புக்குப் போய்ப் பாருங்கள். அய்யனாருக்கு வேளார் செய்து தரும் மண் குதிரைக்கும் கண் திறப்புதான். அங்கேயும் மண், அங்கேயும் குயவர் கை. திறப்பது இமையை இல்லை. அதுவரை பொம்மையாக இருந்தது, அந்த நொடியில் நம்மைப் பார்க்கத் தொடங்குகிறது. அந்தப் பார்வையைத்தான் திறப்பு என்கிறோம். தமிழ் அதைச் செய்பவரின் கொடையாகப் பார்க்காமல் சாமியின் செயலாகப் பார்த்திருக்கிறது. எனக்கு இதுவே உயர்ந்ததாகப் படுகிறது. வங்காளி நண்பர்கள் மன்னிக்கட்டும்.

'கண் எழுதுதல்' என்றும் ஒரு நண்பர் சொன்னார். அழகான பழஞ்சொல். எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல் என்ற குறள், மை தீட்டும்போது தீட்டும் கோலைக் கண் காண்பதில்லை என்கிறது. தூரிகை கருவிழியைத் தொடும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? நானும் மேலே அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அது கைவினைஞரின் வேலைக்கு மட்டும் போதும். சக்ஷுதான் அங்கே இரண்டு முறை நடக்கிறது. மகாளயத்தில் தூரிகையால் நடப்பது ஒன்று. பூஜையின் ஏழாம் நாளான சப்தமி காலை, வாழைக்கன்றோடு எட்டுச் செடிகளைச் சேர்த்துக் கட்டிய நவபத்ரிகையை நீராட்டி, சேலை உடுத்திக் கொண்டுவந்த பிறகு, பந்தலில் புரோகிதர் மை எடுத்து மந்திரம் சொல்லி மூன்று கண்ணுக்கும் இட்டுப் பிராணப் பிரதிஷ்டை செய்வது மற்றொன்று. சடங்கின்படி இரண்டாவதுதான் உயிர். அதைக் கண் எழுதுதல் என்றால் ஒப்பனை ஆகிவிடும். கண் திறப்பு இரண்டையும் தாங்கும். விவரிக்கும் இடத்தில் 'கண் எழுதினார்' என்று தாராளமாக எழுதுங்கள், நிகழ்ச்சியின் பெயர் மட்டும் கண் திறப்பாக இருக்கட்டும். 'கண் வைத்தல்' வேண்டவே வேண்டாம், அம்மனுக்கே திருஷ்டி கழிக்க வேண்டி வரும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வங்காளிச் செய்தி இந்தியாகவோ ஆங்கிலமாகவோ மாறி, கணினி வழியாகத் தமிழாகி மேசைக்கு வருகிறது. ஆசிரியர் குழு புள்ளியும் கால்புள்ளியும் பார்த்து ஏற்றிவிடுகிறது. அதனால்தான் மகாளய அமாவாசை என்று நாமே தலைமுறைகளாகச் சொல்லிவரும் நாளை 'மஹாலயா என்ற வங்காளப் பண்டிகை' என்று நமக்கே அறிமுகம் செய்கிறார்கள். தசமியன்று 'சிலைகள் மூழ்கடிக்கப்பட்டன' என்று வரும், ஏதோ படகு விபத்துபோல. பிள்ளையாரைக் கரைக்கத் தெரிந்த ஊருக்குத் துர்கையைக் கரைக்கத் தெரியாதா?

எல்லாவற்றுக்கும் உச்சம், 'பாண்டல்'. துர்கை பூஜைக் கொட்டகையை வங்காளிகள் பேண்டெல் என்கிறார்கள். அது நம் பந்தல். தமிழிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்து வங்காளத்தில் இறங்கிய சொல். 2021-ல் யுனெஸ்கோ கொல்கத்தா துர்கை பூஜையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அந்தப் பந்தல்களின் கலையும் சேர்ந்துதான் பேசப்பட்டது. அந்தச் சொல் ஊர் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. வாசலில் நிற்கும்போது நம் செய்தியாளர் அடையாளம் தெரியாமல் 'பாண்டல் எனப்படும் தற்காலிகக் கூடாரம்' என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.